ராஜா வேஷம் யாருக்கு?

இந்திய சினிமாவின் முதல் மகாராணி ஓர் ஆண்பிள்ளை.

சத்தியமாகத்தான் சார். 1913-ல் தாதா சாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது ராணி வேஷத்துக்குப் பெண் தேடி பம்பாய் முழுக்க அலைந்து பார்த்தார். வீட்டுப் பெண்கள் வரவில்லை. தெருவில் ஆடிப் பாடிப் பிழைத்த பெண்கள்கூட, ''சினிமாவா? அவ்வளவு கேவலமா போயிடலே நாங்க'' என்கிற மாதிரி கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாளுங்கே என்ற ஒல்லிப் பையன் பால்கேயின் கண்ணில் பட்டான். கை கொஞ்சம் மெல்லிசாக, நளினமாக இருந்ததாம். ஹோட்டலில் மாசம் 10 ரூபாய் சம்பளம். ''15 தரேன், வரியா?'' என்றார் பால்கே.

ஐம்பது பர்சென்ட் இன்கிரிமென்ட்! உங்க ஆபீஸில், என்னதான் மீசையை எடுத்தாலும், கொடுப்பார்களா?

பையன் புடவை கட்டிக்கொண்டான். தாராமதி ஆனான். நம் ஊர்க் கணக்கில் சந்திரமதி. அதோடு விட்டார்களா? 1917-ல் வந்த 'லங்கா தகன'த்தில் ராமர் அவர்தான், சீதையும் அவர்தான். ராமர் சீதையைப் பிரிந்து கண்ணீர் விட, சீதை ராமரைப் பிரிந்து கண்ணீர் விட... ஒரே ஆள் தன்னைத் தானே பிரிந்து தவித்த சோகம் உலக சினிமாவில் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஊமைப் படத்தின் சௌகரியமே இதுதான். குரல் கிடையாது. பாஷை கிடையாது. சாதி, மதம், ஊர் எதுவும் வாயைத் திறந்து தன்னைக் காட்டிக்கொடுக்காது. பின்னால் பெண்கள் நடிக்க வந்தபோதும் அப்படித்தான். யூதக் குடும்பத்தில் பிறந்த ரூபி மையர்ஸ் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 'சுலோசனா' ஆனார். 1928-ல் 'அனார்கலி'யாகி மொகலாய இளவரசனைக் காதலித்தார். ஆங்கிலோ-இந்தியப் பெண்ணான ரெனீ ஸ்மித் 'சீதா தேவி' ஆனார். 1929-ல் ஹிமான்சு ராயும் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் ஆஸ்டனும் எடுத்த 'பிரபஞ்ச பாஷ்' படத்தில், சூதாட்டத்தில் நாட்டைக் கோட்டை விடுகிற ராஜாவின் காதலி அவர்தான்.

கவனித்தீர்களா? ஹரிச்சந்திரனும் நாடிழந்தவன். சூதாடியும் நாடிழந்தவன். சும்மா சிம்மாசனத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற ராஜாவை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? ராஜா கீழே விழ வேண்டும். மாறுவேஷத்தில் அலைய வேண்டும். அப்போதுதான் நம் ஜனங்களுக்குத் துக்கம் தொண்டையை அடைக்கும்.

ஆக, ஊமைப் படத்தில் ஹோட்டல் பையன் ராணியாகலாம், டெலிபோன் ஆபரேட்டர் அனார்கலியாகலாம். அடடா, என்ன ஒரு ஜனநாயகம் என்று கை தட்டத் தோன்றுகிறது இல்லையா?

தட்டாதீர்கள். கொஞ்சம் தெற்கே போய்விட்டு வந்து தட்டலாம்.

* * *

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் அகஸ்தீஸ்வரம். அங்கே ஜே.சி.டேனியல் என்று ஒருவர். நாடார் கிறிஸ்தவக் குடும்பம். சிலம்பம், களரியில் பைத்தியம். 1915-லேயே வாள்வீச்சு பற்றி இங்கிலீஷில் புத்தகம் போட்டவர். இந்தக் கலையை உலகத்துக்குக் காட்ட சினிமாதான் வழி என்று சென்னை, பம்பாய் எல்லாம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நிலத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் 'திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' ஆரம்பித்தார். 1920-களின் கடைசியில் 'விகதகுமாரன்' எடுத்தார். தயாரிப்பு அவர், டைரக்‌ஷன் அவர், ஹீரோவும் அவர். மலையாள சினிமாவின் முதல் படம் இதுதான்.

கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் வீட்டுப் பெண். அந்த வேஷத்தில் நடித்தவர் பி.கே.ரோஸி. புலையர் சமூகத்துப் பெண், தலித். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துக்கொண்டு ஷூட்டிங்குக்கு வருவாராம். நாம் ஆபீஸுக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. ஒரு வேலை, அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. விழாவைத் துவக்கி வைக்க வந்த பெரிய வக்கீல், அந்தப் பெண் உள்ளே இருந்தால் நான் வர மாட்டேன் என்றார். கதாநாயகி தன் படத்தைத் தானே பார்க்க முடியாமல் வெளியே நின்றார்.

உள்ளே படம் ஓடியது. ஹீரோ, ஹீரோயினின் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி. அவ்வளவுதான், கல் பறந்தது. திரை கிழிந்தது. பூவை எடுத்ததற்காக அல்ல சார். 'அந்த' ஜாதிப் பெண் நாயர் பெண்ணாக நடித்துவிட்டாளே, அதற்காக.

பிறகு அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ரோஸி ஊரை விட்டே ஓடி தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டார். சினிமாவை மறந்து, அல்லது மறந்த மாதிரி, ஒரு குடும்பத்தலைவியாக வாழ்ந்து முடித்தார். இங்கே அவர் பெயர் ராஜம்மாள். பாருங்கள், பெயரில் மட்டும் ராஜா!

டேனியல் கடனாளியானார். அப்புறம் பல் டாக்டராகப் பிழைத்தார். அவர் எடுத்த படத்தில் ஓர் அடி ஃபிலிம்கூட இன்று கிடையாது.

* * *

இதன் அடுத்த பாகத்தை எந்தக் கதாசிரியராலும் எழுத முடியாது.

டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ், நாகர்கோவில்காரர், அவரும் ஒரு படம் எடுத்தார். கையைச் சுட்டுக்கொண்டவரைப் பார்த்த பிறகும் அடுப்பில் கை வைக்கிற தைரியம்! 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. டைரக்‌ஷன் பி.வி.ராவ். சரித்திரப் படம், ஊமைப் படம். சி.வி.ராமன் பிள்ளை 1891-ல் எழுதிய பிரபல நாவல்தான் கதை.

கதை இப்படி: திருவாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா. அவரைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க எட்டு வீட்டுப் பிள்ளைமார் சதி செய்கிறார்கள். இளவரசர் காடு மேடெல்லாம் ஓடி ஒளிகிறார். அவரைக் காப்பாற்ற ஒரு பைத்தியக்காரன் எங்கிருந்தோ முளைத்துக்கொண்டே இருக்கிறான். 'பிராந்தன் சாந்நான்' என்று பெயர். பனையேறும் சமூகத்தை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். டேனியல் பிறந்த சமூகத்தைத்தான்.

அவன் எங்கே வேண்டுமானாலும் போவான், வருவான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஏன்? அவன் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்த வேஷத்தின் பலமே அதுதான். (உங்க ஆபீஸில் தினமும் டீ கொண்டுவந்து வைக்கிற பையனின் கண் என்ன நிறம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.)

கடைசியில் ரகசியம் உடைகிறது. பைத்தியம் பைத்தியமில்லை. சாந்நான் சாந்நானே இல்லை. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த பிரபு குடும்பத்துப் பிள்ளை அனந்தபத்மநாபன்தான் அது! வேஷம் கலைகிறது. காதலி பாறுக்குட்டி கிடைக்கிறாள், மரியாதை கிடைக்கிறது. குற்றுயிராகக் கிடந்த அவனைத் தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்த பட்டாணியர் கூட்டத்தில் சுலேகா என்று ஒரு முஸ்லிம் பெண். அவளும் அவனை மனசார விரும்பியவள்தான். அவளுக்குக் கிடைப்பது பெருமூச்சு.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனாக வேஷம் போட்டால் அது வீரம், தியாகம், சாமர்த்தியம். கீழே இருப்பவள் மேலே இருப்பவளாக வேஷம் போட்டால் கல், நெருப்பு, ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓட்டம். இரண்டுமே வேஷம்தான், இரண்டுமே ஒரே ராஜ்ஜியம்தான். நடுவில் ஒரு சில வருஷம்தான் வித்தியாசம்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'மார்த்தாண்ட வர்மா' நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புத்தக டெப்போவிடம் இருந்தது. அவர்களைக் கேட்காமலே படம் எடுத்துவிட்டார்கள். கேஸ் போட்டார்கள், ஜெயித்தார்கள். படப்பெட்டி புத்தகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜுக்கும் நஷ்டம். ஆனால் அப்படிப் பூட்டி வைத்ததால்தான் படம் பிழைத்தது! 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டெடுத்தது. பி.காம். பாஷையில் சொன்னால், அன்றைய 'பேட் டெட்' இன்றைய 'அஸெட்'. வழக்கில் மாட்டிய ராஜா இன்றும் இருக்கிறார். யாரும் கேஸ் போடாத ரோஸி இல்லை.

* * *

''ஒரு சினிமா வேஷத்துக்கா இவ்வளவு?'' என்று கேட்கலாம். அந்த ராஜ்ஜியத்தில் யார் என்ன உடுத்தலாம் என்பதே சட்டமாக இருந்தது சார்.

தோள்சீலைப் போராட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக்கூடாது என்பது திருவாங்கூர் வழக்கம். 1820-களிலிருந்து அந்தப் பெண்கள் போராடினார்கள். அடிபட்டார்கள், அவர்கள் மேலாடையைக் கடைத்தெருவில் கிழித்தார்கள். கடைசியில் 1859 ஜூலையில் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டார். மறைத்துக்கொள்ளலாம். ரவிக்கை போடலாம். மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால், இந்த 'ஆனால்' முக்கியம், உயர்ந்த ஜாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது.

அதாவது துணி பிரச்னை இல்லை, பார்த்தால் அவர்கள் மாதிரி தெரிந்துவிடக்கூடாது, அதுதான் பிரச்னை. கேப்பிட்டல் தியேட்டரில் ரோஸியின் வேஷத்தின் மேல் விழுந்த கல், 1859-லேயே எடுத்து வைத்த கல்.

அந்த ராஜ்ஜியமும் என்றைக்குமே இருந்துவிடவில்லை. 1936-ல் கோயில் கதவைத் திறந்துவிட்டது. 1949-ல் திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1956-ல் கன்னியாகுமரி நம்மோடு வந்து சேர்ந்தது. 1971-ல் மன்னர் மானியமும் போயிற்று. சிம்மாசனம் மியூசியத்துக்குப் போய்விட்டது.

சரி, அந்த மார்த்தாண்ட வர்மா ஜெயித்த பிறகு சதி செய்தவர்களை என்ன செய்தார் தெரியுமா? ஆண்களைத் தூக்கில் போட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் மீனவர்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்று அந்தப் பக்கத்தில் பரம்பரையாகச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் லட்சம் பேர் தினமும் வாழ்கிற வாழ்க்கை, ராஜாவின் பட்டியலில் ஒரு தண்டனை.

* * *

கடற்கரை என்றதும் எங்கள் பக்கத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரை ஓரம் ஷூட்டிங்குக்குப் பஞ்சமில்லை. சில வருஷம் முன்னால் ஒரு சரித்திரப் படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பனின் தம்பி கிளம்பினான். குப்பத்துப் பையன். ஆறடி உயரம். வலை இழுத்து இழுத்து உருண்ட தோள். அட்டைக்கத்தியை அவன் கையில் கொடுத்தால் அது நிஜக் கத்தியாகிவிடும், அப்படி ஒரு உடம்பு. வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

ஏஜென்ட் ஒருவர் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார். குடை நுனியாலேயே பிரித்தார். ''நீ, நீ, சிவப்பா இருக்கியே, நீ... இந்தப் பக்கம். சபை. நீ, நீ, நீ... அந்தப் பக்கம். படை.''

சபை என்றால் நிழல், பட்டு அங்கவஸ்திரம், நாற்காலி. படை என்றால் வெயில், கோவணத்துக்கு அண்ணன் மாதிரி ஒரு துணி, மண்ணில் புரளல். பேட்டாவிலும் வித்தியாசம். தம்பி படைக்குப் போனான். அன்றைக்கு மூன்று தடவை செத்தான். காலையில் நம்ம படையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம் எதிரிப் படையில் இரண்டு தடவை.

டீ பிரேக்கில் ஏஜென்டிடமே கேட்டுவிட்டான். ''அண்ணே, இந்த ராஜா கப்பல்ல போய் சண்டை போட்டவர்தானே? வெயில்ல கறுக்க மாட்டாரா?''

ஏஜென்ட் கோபப்படவில்லை. பாவம், அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பதைத்தானே அவர் கொடுக்க முடியும்? ''அப்படியில்லப்பா. ராஜான்னா முகத்துல ஒரு களை வேணும்'' என்றார்.

களை வேண்டும் என்று சொல்லியே களையெடுத்துவிட்டார்!

பையன் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். ஆனால் அப்புறம் எந்த ஷூட்டிங்குக்கும் போகவில்லை. யாரும் கல்லெறியவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை. குடை நுனியிலேயே முடிந்துபோன விஷயம்.

* * *

மாமல்லன் என்றால் பெரிய மல்லன் என்று அர்த்தம். நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப் பெயர். மல்யுத்தம் போட்டவன், வாதாபி வரை வெயிலில் படை நடத்தியவன், இலங்கைக்குக் கப்பல் அனுப்பியவன். அவன் ஃபேர்னஸ் கிரீம் பூசியதாக இதுவரை எந்தக் கல்வெட்டும் கிடைக்கவில்லை.

அந்தப் பல்லவ ராஜ்ஜியமும் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சோழர்களிடம் விழுந்துபோயிற்று. மிச்சம் இருப்பது கல்லில் செதுக்கிய ஊமைப் படம்தான். அதில் யாருக்கு என்ன வேஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பல்லவ அரசர்கள் இரண்டு பேர் தங்கள் ராணிகளோடு இருக்கிற சிற்பங்கள் ஆதிவராகர் குகையில் இருக்கின்றன. குன்றின் பின்பக்கம், ஒதுக்குப்புறம். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் ரோட்டோரத்திலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது கிருஷ்ண மண்டபம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்குகிறான். சரி, கடவுள். அவனைச் சுற்றி யார்? பால் கறக்கிற ஒரு இடையன். கன்றை நக்கிக் கொடுக்கிற பசு. தலைச்சுமையோடு ஒரு பெண். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். குழல் ஊதுகிற ஒருவன். எல்லோருக்கும் நல்ல இடம், நல்ல உயரம், நல்ல முகம். கொஞ்ச தூரத்தில் அர்ஜுனன் தபசு. அதில் வில்லும் கையுமாக வேடர்களுக்கு இடம் உண்டு, தபசு பண்ணுகிற பூனைக்குக்கூட இடம் உண்டு!

பல்லவர் ஆட்சியில் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜா ராஜாதான், இடையன் இடையன்தான். ஆனால் உளி பிடித்தவன் அந்த இடையனின் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறான். முதுகு வளைகிற வளைவைப் பார்த்திருக்கிறான். களை இருக்கிறதா என்று குடையால் குத்திப் பார்க்கவில்லை. அதனால்தான் 1,300 வருஷத்துக்குப் பிறகும் அவன் உயிரோடு பால் கறந்துகொண்டிருக்கிறான்.

ரோஸி விஷயத்துக்கு வந்தால், தாமதமாகவாவது சில நல்லது நடந்தது. கேரள அரசு 1992-ல் டேனியல் பெயரில் விருது ஏற்படுத்தியது. 2013-ல் வந்த 'செல்லுலாய்ட்' படத்தில் டேனியலும் ரோஸியும் கதாபாத்திரங்கள் ஆனார்கள். 2019-ல் மலையாளப் பெண் கலைஞர்கள் ரோஸி பெயரில் ஒரு ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார்கள். 2023 பிப்ரவரி 10-ம் தேதி ஆபீஸில் கம்ப்யூட்டரைத் திறந்தவர்கள் கூகுள் பக்கத்தில் பூக்களுக்கு நடுவே ஒரு பெண் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ரோஸிதான். உள்ளே விடாத தியேட்டரை விட பெரிய திரை.

ஆனால் போட்டோவுக்கு மாலை போடுவது சுலபம் சார். உயிரோடு வரிசையில் நிற்கிறவனுக்குக் கிரீடம் கொடுப்பதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தடவை ஏதாவது சரித்திரப் படம் பார்க்கும்போது ஹீரோவை விடுங்கள், அவரைப் பார்க்கத்தான் கட்அவுட் இருக்கிறதே. சபையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அப்புறம் மண்ணில் விழுந்து கிடப்பவர்களைப் பாருங்கள். இன்டர்வெல்லில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரரைப் பாருங்கள், முடிந்தால் கண்ணாடியிலும் பாருங்கள்.

இந்த முகங்களில் எது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். ராஜா காத்துக்கொண்டிருப்பார். எப்படியும் கடைசியில் நாட்டை இழக்கப்போகிறவர்தானே!